பொட்டிக் ஹோட்டலும் மாமனாரின் முழங்காலும்

கேள்வி: டிசம்பர் கடைசி வாரம், அரையாண்டு லீவில், தஞ்சாவூரில் 3 ராத்திரி தங்கலாம் என்றிருக்கிறோம். நாங்கள் 4 பேர், மாமனார் (76 வயது), மாமியார், கனடாவிலிருந்து வரும் கொழுந்தனார், ஓரகத்தி, ஆக 8 பேர். மாமனாருக்குப் பூர்வீகம் பாபநாசம் பக்கம். சின்ன வயதிலேயே குடும்பத்தோடு வீட்டை விற்றுவிட்டுக் கோவைக்கு வந்தவர். போன வருஷம் முழங்கால் ஆபரேஷன் ஆனது. அவர் பிறந்தது போன்ற முற்றம் வைத்த வீட்டில் அவரைத் தங்க வைக்க எனக்கு ஆசை. மூன்று பொட்டிக் ஹோட்டல்கள் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று அரண்மனைப் பக்கம் பழைய ஊருக்குள் ஒரு பழைய வீடு, 9 அறை. இன்னொன்று ஊருக்கு வெளியே ஆற்றங்கரையில். மூன்றாவது மெடிக்கல் காலேஜ் ரோடு பக்கம், பழைய பாணியில் புதிதாகக் கட்டியது. போட்டோவில் மூன்றுமே அழகு. வாடகையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எதை எடுப்பது? (கோவை வாசகி)

பதில்: உங்கள் கடிதத்தை ஆபீசில் சத்தமாகப் படித்தேன், எங்கள் கணக்கு எழுதும் பெண் சிரித்துவிட்டாள். கும்பகோணத்தில் பொட்டிக் என்றால் ரவிக்கை தைக்கும் கடை, ஹோட்டல் என்றால் சாப்பாட்டுக் கடை. இரண்டையும் ஒட்டவைத்து, சில அறைகளே உள்ள அலங்காரமான தங்கும் இடத்துக்குப் பெயராக்கியது எல்லாம் சமீபத்தில்தான், அதற்கு முன்னால் எல்லாமே லாட்ஜ். சுற்றுலா அமைச்சகம் பாரம்பரிய ஹோட்டல் என்று தரம் கொடுப்பதற்காவது கட்டடம் 1950க்கு முன்னால் கட்டியதாக இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. பொட்டிக் என்று போர்டு மாட்ட அந்தக் கணக்கெல்லாம் வேண்டியதில்லை, ஒரு உருளியில் பூ மிதக்கவிட்டால் போதும்.

பெயர் சொல்லி 'இதை எடுங்கள்' என்று எழுத மாட்டேன். தொழில் தர்மம் என்று சொல்லிக்கொள்ளலாம்தான், ஆனால் உண்மைக் காரணம் வேறு. ஒன்பது அறை உள்ள இடம் என்பது ஒரு மேனேஜரும் ஒரு சமையல்காரரும் சேர்ந்து இழுக்கிற வண்டி. சமையல்காரர் பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பி வரவில்லை என்றால், போன மாதம் நான் வாயாரப் புகழ்ந்த இடம் இந்த மாதம் வேறு இடம். 22 வருஷமாக வெளியூர்க்காரர்களுக்கு இந்த டெல்டாவில் அறையும் வண்டியும் ஏற்பாடு செய்து கொடுக்கிறேன், என் பழைய சிபாரிசுகளில் பாதியை இன்றைக்கு நானே செய்ய மாட்டேன். அதனால் எப்படிப் பார்த்து எடுப்பது என்று சொல்கிறேன், கடைசியில் உங்கள் மூன்றில் எது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் மூன்று ஹோட்டல்களை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ஒப்பிட வேண்டியது அறைகளை. பெரிய ஹோட்டலில் 204ம் 304ம் ஒன்றேதான், ஒரு மாடி வித்தியாசம். பழைய வீட்டை ஹோட்டலாக்கினால் ஒன்பது அறையும் ஒன்பது விதம், வாடகை மட்டும்தான் ஒன்று. தெருப் பக்கம், திண்ணைக்கும் ரேழிக்கும் (வாசலை ஒட்டிய நடை) ஒட்டினாற்போல இருக்கும் அறை பார்க்க லட்சணமாக இருக்கும், பெரிய ஜன்னல், மரக் கம்பி, எல்லாம் சரி, ஆனால் காலை நாலரைக்குப் பால் வண்டியில் ஆரம்பித்து ராத்திரி பதினொன்றுக்குக் கடைசி பைக் போகும் வரை தெரு உங்கள் கட்டிலில்தான் படுத்திருக்கும். முற்றத்தைச் சுற்றி இருக்கும் அறைகளில் எதிர் அறைக்காரர் தும்மினால் நீங்கள் 'நூறு' சொல்லலாம், கூடத்தில் யார் பேசினாலும் ஓடு அதைத் திருப்பி உள்ளேயே அனுப்பும். மாடியில் இருப்பது பெரும்பாலும் மச்சு, நெல்லும் பாத்திரமும் போட்டு வைத்த இடம். உத்தரம் தலையில் இடிக்கும், ஏணி மாதிரி செங்குத்தான படி, டிசம்பரில் பரவாயில்லை, சித்திரையில் வேகும். உங்கள் கொழுந்தனார் தம்பதிக்கு மச்சு அறை பிடிக்கும், போட்டோ எடுத்துப் போட்டுக்கொண்டே இருப்பார்கள்.

இந்த மாதிரி வீடுகளில் நல்ல அறை எது தெரியுமா? வீட்டின் பின்பகுதியான பின்கட்டைத் தாண்டிக் கொல்லைப்புறத்தில், முன்னாளில் மாட்டுக்கொட்டகையாக இருந்ததை இடித்துக் கட்டிய அறை. அதைப் போட்டோவில் காட்ட மாட்டார்கள், தூணும் இருக்காது ஒன்றும் இருக்காது. ஆனால் தரை ஒரே மட்டம், குளியலறை கட்டும்போதே சேர்த்துக் கட்டியது, கதவைத் திறந்தால் ஒரு வாழை மரமும் கிணறும். பெரியவர்களுக்கு நான் எப்போதும் கேட்டு வாங்குவது அந்த அறையைத்தான்.

இதைக் கற்றுக்கொண்டது என் தப்பால். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு ரிட்டயர்டு டீச்சர் அம்மா, எழுபது வயது தாண்டியவர், மதுரையிலிருந்து வந்தார். ஒரு பழைய வீட்டில் முற்றத்தைப் பார்த்த அறை போட்டுக் கொடுத்தேன், நானே நேரில் போய்ப் பார்த்த அறை. பகலில் பார்த்தேன், அங்கேதான் தவறு. பழைய தரையை உடைக்க மனசு வராமல் அதன் மேலேயே குழாய் ஓட்டி, அதை மறைக்கக் குளியலறைத் தரையைத் தூக்கிவிடுவார்கள், இது பல வீட்டில் நடப்பது. அங்கேயும் அறைக்கும் குளியலறைக்கும் நடுவில் ஒன்பது அங்குலத்துக்கு ஒரு தேக்கு நிலைப்படி, அதை ஏறித்தான் உள்ளே போக வேண்டும். போகும்போது ஏறிவிட்டார், வரும்போது மறந்துவிட்டார். ராத்திரி இரண்டு மணிக்கு மணிக்கட்டு உடைந்து என்னைக் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும்போது அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, 'படி நல்லாத்தான் இருந்துச்சு தம்பி' என்றார். எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை, ஏனென்றால் அந்த வருஷம் எங்கள் நோட்டீஸ் அட்டையில் போட்டிருந்த படமே அந்தப் படிதான்.

அதிலிருந்து ஒரு பழக்கம். ஹோட்டலுக்குப் போன் செய்து, அறை எண்ணைக் கேட்டு, அந்த அறையில் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச் வெளிச்சத்தில் கட்டிலிலிருந்து குளியலறை வரை நடந்துகொண்டே ஒரு வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வேன். ஒரு நிமிஷ வேலை. சலித்துக்கொள்ளாமல் அனுப்புகிறவர்களிடம் அறையைப் போடலாம். 'வெப்சைட்ல போட்டோ இருக்கே மேடம்' என்றால் விட்டுவிடுங்கள். அந்த வீடியோவில் எத்தனை படி, ஸ்விட்ச் கைக்கு எட்டுகிறதா, கமோடு பக்கத்தில் பிடிக்கக் கம்பி இருக்கிறதா, ஈரமானால் வழுக்கும் தரையா என்று எல்லாம் தெரிந்துவிடும். ஆத்தங்குடிக் கல் பதித்த குளியலறை என்று பெருமையாகச் சொன்னால் கொஞ்சம் உஷாராக இருங்கள், காலுக்குக் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருப்பதுதான் அந்தக் கல்லின் அழகே. சுவரின் அடிப்பாகத்தையும் காட்டச் சொல்லுங்கள். சுண்ணாம்புக் காரைச் சுவர், மழைக்காலம் முடிகிற நேரம், ஒரு முழ உயரத்துக்கு ஓதம் ஏறிப் பூத்திருந்தால் அறையில் வாடை இருக்கும், உங்கள் மாமியாருக்கு மூச்சுத் தொந்தரவு ஏதாவது இருந்தால் அது ஆகாது. அவசரமாகப் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் சந்தேகப்படலாம்.

அடுத்து, யாரும் கேட்காத கேள்வி ஒன்று: மதியம் என்ன செய்யப் போகிறீர்கள்? வெளியூர்க்காரர்கள் ஹோட்டலை ராத்திரிக்காக எடுக்கிறார்கள். டெல்டாவில் ஹோட்டல் மதியத்துக்கு. 1010இல் குடமுழுக்கு ஆன பெரிய கோயிலாக இருந்தாலும் சரி, தெருமுனைப் பிள்ளையார் கோயிலாக இருந்தாலும் சரி, மதியம் பன்னிரண்டு பன்னிரண்டரைக்குச் சன்னதியைச் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். அந்த மூன்றரை மணி நேரம் 76 வயதுக்காரரை எங்கே உட்கார வைப்பீர்கள்? வண்டியில் ஏ.சி. போட்டுக்கொண்டு மரத்தடியில் நின்ற குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன், பிள்ளைகள் ஒரு பக்கம் அழும், பெரியவர் ஒரு பக்கம் வாயே திறக்க மாட்டார். அறை பக்கத்தில் இருந்தால் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, காப்பி குடித்துவிட்டு, ஐந்து மணிக்கு மறுபடி பெரிய கோயிலுக்குப் போகலாம். வெயில் சாய்ந்து விமானத்தில் மஞ்சள் அடிக்கும் அந்த நேரம்தான் கோயிலுக்கே நேரம், காலையில் போய்விட்டு வந்தவர்களும் அப்போது ஒரு தடவை போக வேண்டும்.

இந்த ஒரு கணக்கிலேயே உங்கள் ஆற்றங்கரை ஹோட்டல் அடிபட்டுப் போகிறது. அது கெட்ட இடம் இல்லை. சும்மா இருப்பதற்காகவே வருகிறவர்களுக்கு அதை விட நல்ல இடம் கிடையாது, டிசம்பர் கடைசியில் சம்பா கதிர் வாங்கி நிற்கும், காலையில் பனி, வரப்பில் கொக்கு, அறையை விட்டு வெளியே வரவே தோன்றாது. ஆனால் நீங்கள் பெரிய கோயில், அரண்மனை, சரஸ்வதி மகால், தாராசுரம், பாபநாசம் என்று பட்டியலோடு வருகிறீர்கள், ஒவ்வொரு தடவையும் ஊருக்குள் வந்து போவதிலேயே பொழுது போய்விடும். கொசு வேறு, வயலை ஒட்டி என்றால் சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவைச் சாத்தியே ஆக வேண்டும். இன்னொன்றும் சொல்லி வைக்கிறேன், வேறு சமயத்தில் யாராவது போவதானால் உதவும்: ஆறு தெரியும் அறை என்று கூடுதல் காசு கேட்டால், எந்த ஆறு, எந்த மாதம் என்று கேளுங்கள். மேட்டூர் வழக்கமாக ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுவது. அதற்கு அப்புறம் போய் ஜன்னலைத் திறந்தால் மணலும் நாணலும்தான். திருவையாற்றுப் பக்கம் காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஐந்து இருக்கிறது, தஞ்சாவூர் ஊரை ஒட்டிப் புது ஆறு என்று ஓடுவது கல்லணைக் கால்வாய். எதுவாக இருந்தாலும் வெப்சைட்டில் காவிரிதான்.

சரி, ஊருக்குள் இருக்கும் பழைய வீட்டுக்கு வருவோம். நாலு ராஜ வீதிகளை விட்டு உள்ளே திரும்பினால் சந்துதான், மராட்டியர் காலத்துக் குதிரை போன வழியில் உங்கள் டெம்போ டிராவலர் போகாது. வேன் எங்கே நிற்கும், அங்கிருந்து ஹோட்டல் வாசல் எத்தனை அடி, பெட்டியை யார் தூக்குவது, மாமனாரை வாசல் வரை கொண்டுவர ஆட்டோ வருமா, இவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 'பக்கம்தான் சார்' என்பது தஞ்சாவூர்க் கணக்கில் கால் கிலோமீட்டர் வரை நீளும். மார்கழி வேறு. காலை நாலரைக்குக் கோயில் ஸ்பீக்கரில் பாட்டு ஆரம்பித்துவிடும், சில தெருக்களில் மூன்று கோயில் மூன்று பாட்டு. உங்கள் மாமனார் அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பார், சந்தோஷம்கூடப் படுவார். கனடாவிலிருந்து வந்து தூக்கம் மாறிக் கிடப்பவர்களுக்கு அது தண்டனை. அவர்களுக்குத் தெருப்பக்க அறையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

அந்த வாரம் ஐயப்ப பக்தர்கள் பஸ் பஸ்ஸாகத் தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் வந்துகொண்டிருப்பார்கள், பள்ளிக்கூட லீவும் சேர்ந்துவிடும், கூட்டம் இருக்கும். அறையை நவம்பருக்கு முன்னால் போட்டுவிடுங்கள். ஜனவரியில் திருவையாறு ஆராதனை சமயத்துக்குத் தேதியைத் தள்ள நினைத்தால் அதற்கும் முன்னால்.

மின்சாரம் போனால் ஜெனரேட்டர் ஏ.சி.யை இழுக்குமா, இல்லை விளக்கு, ஃபேன் மட்டும்தானா? வெந்நீர் கீஸரா சோலாரா? சோலார் என்றால் மேகமூட்டமான நாளில் காலை ஐந்தரைக்குக் குளிக்க முடியாது. காப்பி எத்தனை மணிக்கு? இது அல்பமான கேள்வி மாதிரி இருக்கும். இல்லை. எட்டு மணிக்குத்தான் சமையல்கட்டு திறக்கும் என்கிற இடத்தில், ஆறு மணிக்குக் கோயிலுக்குக் கிளம்பும் பெரியவர் வெறும் வயிற்றோடு மாத்திரை போடுவார். விடிகாலையில் பால் வாங்கி டிகாக்ஷன் இறக்கி ஒரு டம்ளர் காப்பி கொடுக்க ஆள் இருக்கிற இடம், ராத்திரி ஒருவருக்கு வயிறு சரியில்லை என்றாலும் ரசம் சாதம் கொடுக்கும். இதை நான் இதுவரை பொய்யாகப் பார்த்ததில்லை. போனை ராத்திரி ஒன்பதரைக்குச் செய்யுங்கள், பகலில் செய்தால் புக்கிங் எடுக்கிற பெண் சென்னையிலிருந்து இனிமையாகப் பேசுவாள், ராத்திரி எடுப்பவர்தான் உங்களுக்கு ஏதாவது என்றால் எழுந்து வரப்போகிறவர்.

ரிவ்யூ படிக்கும்போது ஐந்து நட்சத்திரத்தை விட்டுவிட்டு இரண்டும் மூன்றும் கொடுத்தவர்களைப் படியுங்கள், அதிலும் நவம்பர், டிசம்பரில் தங்கியவர்களை. தங்கியவர்கள் எடுத்த குளியலறைப் படங்கள், சொந்தக்காரர் எடுத்ததை விட உண்மை பேசும்.

வாடகை விஷயத்தில் ஒரு சின்னக் கணக்கு. அறை வாடகை நாளுக்கு 7,500 ரூபாய் வரை ஜி.எஸ்.டி. 5 சதவீதம் (2025 செப்டம்பர் 22க்கு முன்னால் இது 12ஆக இருந்தது), அதைத் தாண்டினால் 18. 7,400 ரூபாய் அறைக்கு வரி 370. 7,600 ரூபாய் அறைக்கு 1,368. இருநூறு ரூபாய் வித்தியாசம் பில்லாகக் கையில் வரும்போது கிட்டத்தட்ட ஆயிரத்து இருநூறு ஆகிவிடுகிறது. உங்களுக்கு மூன்று நான்கு அறை, மூன்று ராத்திரி, பெருக்கிப் பாருங்கள். அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் விலை சொல்கிற இடத்தில் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம், சின்ன இடங்களில் முதலாளியே போனில் வருவார், கேட்டால் தப்பில்லை.

கொழுந்தனார் கனடாவிலிருந்து வருகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், நல்ல வேளை. வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ஹோட்டல்காரர் ஆன்லைனில் பதிய வேண்டும், சி ஃபார்ம் என்போம். அந்தப் பதிவு வசதி எடுத்து வைக்காத சின்ன இடங்கள் உண்டு. ராத்திரி வந்து இறங்கிய பிறகு 'ஃபாரின் பாஸ்போர்ட்டுக்கு நாங்க கொடுக்கறதில்லை' என்று கைவிரிப்பார்கள், ஆள் பச்சைத் தமிழராக இருந்தாலும். இப்போதே கேட்டு, வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குக் கொடுப்பது) இருந்தால் அதையும் எடுத்து வரச் சொல்லுங்கள்.

இப்போது மாமனார். உங்கள் ஆசை நல்ல ஆசை, ஆனால் அவர் அந்த மாதிரி வீட்டில் பிறந்தவர், முற்றம் அவருக்குக் காட்சிப் பொருள் இல்லை. மழை பெய்தால் சாரல் அடிக்கும், ராத்திரி கொல்லைக்குப் போக லாந்தர் எடுக்க வேண்டும், இதெல்லாம் அவருக்கு ஞாபகம் இருக்கும். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. கேளுங்கள். 'அந்த வீட்ல திரும்பப் படுக்கணுமா' என்று சிரித்தாலும் சிரிப்பார்.

என் முடிவு இது. அரண்மனைப் பக்கத்து வீட்டில் தரைத்தளத்தில், பின்கட்டில் ஒரு அறை மாமனார் மாமியாருக்கு, அதை ஒட்டிய அறை உங்களுக்கு, இரண்டும் கிடைத்து, வீடியோவில் படி இல்லை என்று கண்ணால் பார்த்துவிட்டால் அதையே எடுங்கள். கொழுந்தனார் மச்சுக்குப் போகட்டும். 'தரைத்தளம் ஒன்றுதான் இருக்கிறது, மற்றது வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், வந்த பிறகு ஒன்றும் பார்க்க முடியாது. அப்போது மெடிக்கல் காலேஜ் ரோடு. காரைக்குடியில் இடித்த வீட்டுத் தூணைக் கொண்டுவந்து கான்கிரீட்டுக்கு முன்னால் நிறுத்தியதுதானே என்று உங்களுக்கு மனசு ஒப்பாது, தெரியும். எனக்கும் அந்த மாதிரி இடங்கள் பெரிதாகப் பிடிக்காது. ஆனால் லிஃப்ட் இருக்கும், தரை மட்டமாக இருக்கும், வேன் வாசலில் நிற்கும், மதியத் தூக்கத்துக்குப் பெரிய கோயிலிலிருந்து சீக்கிரம் வந்துவிடலாம்.

எதை எடுத்தாலும் பெரியவர்கள் இருவரையும் வேனில் கோவையிலிருந்து கூட்டி வராதீர்கள், முழங்காலை மடக்கிக்கொண்டு அவ்வளவு நேரம் உட்கார முடியாது. மயிலாடுதுறை ஜனசதாப்தி ரயில் காலையில் கோவையில் கிளம்பி மதியத்துக்குத் தஞ்சாவூர் வந்துவிடும், செவ்வாய்க்கிழமை மட்டும் கிடையாது. என்ன, அறை இரண்டு மணிக்குத்தான் தருவேன் என்பார்கள். பெரியவர் அறையை மட்டும் பன்னிரண்டு மணிக்கே கொடுக்கச் சொல்லி, அட்வான்ஸ் அனுப்புவதற்கு முன்னாலேயே பேசி முடித்துவிடுங்கள். அனுப்பிய பிறகு கேட்டால் 'பார்க்கலாம் மேடம்' என்றுதான் பதில் வரும்.